மேல் வாசலின் திரை

நான்கு வரிகளில் மூன்று சரியாக இருந்தன. கடைசி வரியில் நேற்றைய தேதி இருந்தது.

பெரிசாத் தேநீர்க் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே குனிந்து மறுபடி படித்தாள். கணவாய்ச் சாலையில் நான்கு காவல் வாசல்கள். தினமும் விடிவதற்குள் அவளுடைய மேலதிகாரி மிர்சாகுல் பனிச்சரிவு அறிக்கையை எழுதி முடிப்பார். அது நான்கு வாசல்களின் கணினிகளுக்கும் போய்ச் சேரும். ஏழு மணிக்கு அவள் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் ஒவ்வொரு கணினியிலும் தானாக ஓடி, ஆபீஸ் மென்பொருளைக் கிளப்பி, அறிக்கையைத் திரை முழுக்க விரித்து வைக்கும். பிறகு எந்தக் கோப்பைத் திறந்தது என்று அவளுக்கு ஒரு வரி அனுப்பும். வாசல்காரர்கள் எதையும் தொட வேண்டியதில்லை. கையுறையைக்கூடக் கழற்ற வேண்டாம். தலைப்பில் பச்சைப் பட்டை இருந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்கலாம். சிவப்பு இருந்தால் யார் வந்து கத்தினாலும் தூக்கக் கூடாது. வாசல்காரர்கள் அந்த ஸ்கிரிப்டுக்கு 'பெரிசாத்தின் சேவல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சேவல் கூவிடுச்சா என்று ஒருவரையொருவர் ரேடியோவில் கேட்டுச் சிரிப்பார்கள். அதற்கு முன்பெல்லாம் அறிக்கை மின்னஞ்சலில் போகும். யாரும் திறந்து பார்க்காமல் அது அங்கேயே கிடக்கும். அதனால்தான் அவள் அதை எழுதினாள். எழுதியதில் பெருமையும் இருந்தது.

இன்று சேவல் மூன்று வாசல்களில் சிவப்பைக் காட்டியிருக்கிறது. மேல் வாசலில் மட்டும் நேற்றைய அறிக்கை. நேற்று வானம் வெளுத்திருந்தது. நேற்றுப் பச்சை.

அவள் மேல் வாசலின் கணினிக்குள் நுழைந்து கோப்புகளைப் பார்த்தாள். இன்றைய அறிக்கை வந்து சேர்ந்திருந்தது. ஆனால் நேற்றைய கோப்பு அதற்குப் பிறகு யாராலோ திறந்து சேமிக்கப்பட்டிருந்தது. யாராலோ என்ன, மேல் வாசல்காரன் ஜூமார்ட்தான். காலையில் வந்து நிற்கும் வண்டிகளின் எண்களை அறிக்கையின் அடியிலேயே தட்டி வைப்பது அவன் பழக்கம். தனியாக ஒரு கோப்பு திறக்கச் சோம்பேறித்தனம். எட்டு வருடம் அவனோடு குடும்பம் நடத்தியவளுக்கு அது தெரியும். தெரிந்திருந்தும் ஸ்கிரிப்டில், இன்றைய தேதியிட்டதைத் திற என்று எழுதவில்லை. கடைசியாகக் கைபட்டது எதுவோ அதைத் திற என்று எழுதியிருந்தாள். அப்படி எழுதினால் ஒரு வரியோடு முடிந்தது. அழகாகவும் இருந்தது. கைபட்டது எதுவோ அதுதான் திறந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் சொன்னதைச் செய்தது.

கிண்ணம் சாய்ந்து தேநீர் மடியில் கொட்டியது. அவள் எழுந்தாள்.

மிர்சாகுல் பக்கத்து அறையில் அடுப்புக்கு நிலக்கரி போட்டுக்கொண்டிருந்தார். இருபது குளிர்காலம் அந்த மலையின் சரிவுகளைப் பார்த்துப் பார்த்து முகமே சரிந்து போனவர். கதவருகில் நின்றவளைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, மேல் வாசல்ல நேத்து அறிக்கை திறந்திருக்கு."

"நேத்துன்னா..."

"பச்சை."

அவர் போனை எடுத்தார். செல்போன் கோபுரம் இரவுப் பனியிலேயே படுத்துவிட்டது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு ரேடியோவைத் திருகினார். இரைச்சல். மேல் வாசலின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். இரைச்சல்தான் பதில் சொன்னது. இரவெல்லாம் கொட்டிய புதுப் பனிமேல் விடிகாலையில் தெற்கிலிருந்து சூடான காற்று வீச ஆரம்பித்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே கூரை விளிம்பில் தண்ணீர் சொட்டியது. மார்ச் மாதத்தில் அந்தச் சொட்டுச் சத்தம் கேட்டால் மிர்சாகுல் காலைச் சாப்பாட்டைத் தொடமாட்டார்.

"தில்மூரத்தோட பயணி வண்டி கிளம்பிடுச்சா?"

"நான் வரும்போதே கிளம்பிடுச்சு. நிறைய பேர். கைக்குழந்தையோட ஒருத்தி இருந்தா."

"கீழ் வாசல்ல நிறுத்தியிருப்பாங்கல்ல?"

"நிறுத்தியிருக்க மாட்டாங்க அண்ணே. வழியில இருக்கிற கிராமத்துக்காரங்களைச் சிவப்புன்னாலும் மேல் வாசல் வரைக்கும் விடலாம்னு நீங்கதான் விதி போட்டீங்க."

அவர் கோட்டை மாட்டிக்கொண்டார். "பனி அள்ளுற லோடரை எடுத்துக்கிட்டு நான் மேல போறேன். இந்தப் பனியில போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுக்குள்ள..." கோட்டுப் பொத்தானைப் போட்டார். "சாட்டிலைட் டிஷ் வேலை செய்யுதா அங்க?"

"செய்யுது. அதுக்குத் தனி பேட்டரி. கணினி மட்டும்தான் பேசுது."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அவளுக்குப் புரிந்தது. காலை அறிக்கையைத் தவிர மேல் வாசலின் திரையில் அவள் எதையும் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தவர் அவர்தான். "நான் சொன்னதெல்லாம் விடு," என்றார். "என்ன முடியுமோ செய். அவன் கண்ணுல படணும், அவ்வளவுதான்." கதவு அறைந்து மூடியது. கொட்டகையில் லோடர் இருமி இருமிக் கிளம்பியது.

அவன் கண்ணில் படுவது கஷ்டமில்லை. அவன் படிக்க வேண்டுமே.

போன மாதம் ஜூமார்ட் இரண்டு ஞாயிறு தொடர்ந்து மகளைப் பார்க்க வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. ஆய்தானா ஷூவை மாட்டிக்கொண்டு மத்தியானம் வரை வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு, எதுவும் கேட்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் பெரிசாத் அலுவலகத்துக்கு வந்து, ஒரு ஆவணத்தில் பெரிய பெரிய எழுத்தில், ஜூமார்ட், உனக்குப் பொண்ணு இருக்கிறது ஞாபகம் இருக்கா, என்று ஆரம்பித்து வாயில் வந்ததையெல்லாம் தட்டினாள். அதை மேல் வாசலின் திரையில் திறந்துவிட்டாள். ஒரே ஒரு கட்டளை. அப்போது அறையில் தேநீருக்கு வந்த லாரிக்காரர்கள் நிறைந்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவர்களில் ஒருவன் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினானாம். கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு வாரம் அதே பேச்சு. ஜூமார்ட் மிர்சாகுலிடம் வந்து நின்று, அவள் பக்கம் திரும்பாமலே, "அந்தப் பொம்பளை இனி என் திரைக்குள்ள வந்தா மெஷினைத் தூக்கிப் பள்ளத்துல போட்ருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் புதிய ஆவணம் ஒன்றைத் திறந்தாள்.  ஜூமார்ட், கட்டையைத் தூக்காதே, இன்று வழி மூடல், திறந்திருப்பது நேற்றைய அறிக்கை. பெரிய எழுத்தாக்கினாள். சேமித்தாள். அனுப்பினாள். எந்தத் திரையில் என்று சொல்லாவிட்டால் கட்டளை எங்கேயும் திறக்காமல் முனகிவிட்டு நின்றுவிடும். அதையும் சேர்த்துத் தட்டினாள். ஒரு ஆவணம் திறந்திருக்கும்வரை அதன் பக்கத்திலேயே பூட்டுக் கோப்பு ஒன்று தோன்றி நிற்கும். மூடினால் மறையும். அங்கே நடப்பதைப் பார்க்க அவளுக்கு இருந்தது அந்த ஒரு சாவித் துவாரம்தான்.

பூட்டு தோன்றியது. அவள் மூச்சை விடுவதற்குள் மறைந்தது.

அவ்வளவு வேகத்தில் யாராலும் படித்திருக்க முடியாது. முதல் சொல்லைப் பார்த்திருப்பான். ஜூமார்ட். பெரிய எழுத்தில் அவன் பெயர். போன மாதமும் அப்படித்தான் ஆரம்பித்தது. அவன் மூடியிருப்பது எச்சரிக்கையை அல்ல, அவளை.

ஆனால் அறையில் இருக்கிறான். கை கணினியின் மேல் இருக்கிறது. மறுபடி திறந்தாள். மறைந்தது.  மூடினால் மறுபடி திற, மூடினால் மறுபடி திற என்று ஒரு சுற்றை எழுதி ஓடவிட்டாள். ஓடவிட்ட பிறகு கைகளை மேசையிலிருந்து எடுத்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டு பார்த்தாள். பூட்டு தோன்றியது, மறைந்தது. தோன்றியது, மறைந்தது. ஒரு கதவின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு இருவர் தள்ளுவதுபோல இருந்தது. அவர்கள் வீட்டில் அப்படி ஒரு கதவு இருந்தது. அவள் தள்ளத் தள்ள அவன் பேசாமல் தோளைக் கொடுத்து நிற்பான். இருவரில் ஒருவருக்குக்கூட, எதற்காகத் தள்ளுகிறோம் என்பது கடைசியில் நினைவிருக்காது.

நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியபோதே இணைப்பு செத்தது. மேல் வாசல் இல்லை. கூப்பிட்டால் பதில் இல்லை.

அணைத்துவிட்டான். பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்திருப்பான்.

பெரிசாத் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். இவ்வளவு நேரம் அவனுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு திரையாவது இருந்தது. அதையும் அவளே அணைக்க வைத்தாயிற்று. இப்போது மேலே ஒருவன், நேற்றுப் பச்சை பார்த்தோம், இன்றும் காலையில் பச்சை பார்த்தோம் என்ற நம்பிக்கையோடு, எரிச்சலோடு, தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறான். தில்மூரத்தின் வண்டி கடைசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும். தில்மூரத் வண்டிக்குள் பாட்டு போடுவார். பின்சீட்டில் யாராவது பொர்சோக் என்னும் பொரித்த மாவுருண்டைப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டுவார்கள். கணவாய் ஏறும்போது பசிப்பது எல்லோருக்கும் வழக்கம். அவள் மேல் வாசலைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை. இல்லை. இல்லை.

பிறகு பதில் வந்தது.

முதலில் வந்தது சந்தோஷம். அதன் பின்னாலேயே வேறொன்று வந்து அதைத் தள்ளியது. கோபத்தில் அணைத்தவன் ஏன் மறுபடி போட்டான்? வாகன எண்ணைப் பதியத்தான். அப்படியென்றால் வாசலில் வண்டி வந்து நிற்கிறது.

இந்த முறை அவள் ஒரு எழுத்துகூடச் சொந்தமாகத் தட்டவில்லை. மிர்சாகுலின் இன்றைய அறிக்கையை மட்டும் திற என்று கட்டளையிட்டாள். மென்பொருள் கிளம்பியது தெரிந்தது. பூட்டு தோன்றவில்லை. காத்தாள். தோன்றவில்லை. வாய்விட்டு ஏதோ சொன்னாள், அது வசவா வேண்டுதலா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு புரிந்தது. அணைத்துப் போட்ட மென்பொருள் எழுந்ததும் முதலில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டும். போன தடவை எதிர்பாராமல் மூடப்பட்டது, பழைய ஆவணங்களை மீட்கவா? ஆம், இல்லை என்று யாராவது சொல்லும்வரை அது அசையாது. அங்கே திரையில் அந்தப் பெட்டி நிற்கிறது. அதைத் தொட யாருக்கும் மனம் இல்லை. சிவப்பு அதன் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மென்பொருளை வேரோடு கொன்றாள். கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்த்தாள், எதையும் மீட்காதே என்று அர்த்தம் தரும் சொல். விரலை வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். அழுத்தினாள்.

பூட்டு தோன்றியது.

மறையவில்லை.

கூரை சொட்டுவது கேட்டது. திறந்திருக்கிறது. அவன் படிக்கிறானா? வெளியே கட்டையருகில் இருக்கிறானா? காலியறையில் சிவப்புப் பட்டை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதா? அறிக்கையின் கீழே ஒரு வரி சேர்க்க அவள் கை துடித்தது. நான்தான், நம்பு, என்று ஒரு வரி. கைகளைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். அவன் நம்ப வேண்டியது அவளை அல்ல. அவளை நம்பாமலேயே அவன் அதைப் படிக்க முடிய வேண்டும். இந்த ஒரு காலையில் அவள் அந்தத் திரையிலிருந்து முழுசாக விலகி நிற்க வேண்டும்.

கோப்பு சேமிக்கப்பட்டது. அந்தப் பக்கத்திலிருந்து. அவள் அதை இழுத்துத் திறந்தாள். மிர்சாகுலின் வரிகளுக்குக் கீழே, பிழையோடு, பெரிய எழுத்து சின்ன எழுத்து கலந்து தட்டியிருந்தது.

தில்மூரத்தை விட்டுட்டேன். இப்பதான். பின்னாடி போறேன்.

அவள் யோசிக்கவில்லை. 'போகாதே' என்று தட்டினாள். தட்டிய சொல்லைப் பார்த்தாள். அந்தச் சொல்லுக்கு மறுபக்கம் கைக்குழந்தையோடு ஏறியவள் உட்கார்ந்திருந்தாள். அழித்தாள். 'லோடர் வருகிறது' என்று தட்டினாள். அதனால் என்ன? அது வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கடைசியில், 'ஹாரன் அடிக்காதே, விளக்கைக் காட்டு' என்று எழுதி, அதை அவன் திரையில் திறந்தாள்.

இந்த முறை யாரும் மூடவில்லை.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பூட்டு நகராமல் நின்றது. அடுப்பில் கரி சரிந்து விழுந்தது. அதற்குத் திடுக்கிட்டு எழுந்தவள், மறுபடி உட்காரும்போது மேல் வாசலின் இணைப்பு இல்லாமல் போயிருந்தது. கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். அணைக்க அங்கே யாரும் இல்லை. பேட்டரி நேற்றுத்தான் நிரப்பியது. பிறகு ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. தூரத்தில் சரக்கு ரயில் போவதுபோல ஒரு சத்தம். அந்தப் பள்ளத்தாக்கில் ரயில் கிடையாது.

கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் வெளியே ஓடினாள். பாப்லர் மரங்களுக்கு மேலே, கணவாய் இருக்கும் பக்கம், வெள்ளைப் புகை ஒன்று அவசரமே இல்லாமல் விரிந்துகொண்டிருந்தது. எதிர் கடைக்காரி கதவைத் திறந்து வெளியே வந்து நின்றாள். இன்னும் சிலர் வந்தார்கள்.  கடைக்காரி உள்ளே போய் ஒரு சால்வையைக் கொண்டுவந்து பெரிசாத்தின் தோளில் போட்டாள். பெரிசாத் உள்ளே போய் இணைப்பைப் பார்ப்பதும் வெளியே வந்து சாலையைப் பார்ப்பதுமாக இருந்தாள். ஜூமார்ட்டைப் பற்றி அவள் நினைத்ததெல்லாம் இவ்வளவுதான்: அவனுடைய நிவா ஜீப்புக்கு இடது முன் டயர் மொட்டை. மாற்றச் சொல்லி அவளே பலமுறை கத்தியிருக்கிறாள்.

நடுப்பகல் தாண்டி, முதலில் வந்தது தில்மூரத்தின் வண்டி. கூரைமேல் பனி குவிந்து, பக்கக் கண்ணாடி ஒன்று இல்லாமல் வந்தது. நின்றதும் ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். இறங்கியவர்கள் நகராமல் வண்டியைத் தொட்டுக்கொண்டே நின்றார்கள். கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு ஒருவர் சிரித்தார், பிறகு முகத்தை மூடிக்கொண்டார்.

"தங்கச்சி, கொஞ்சம் தண்ணி," என்றார் தில்மூரத். குடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தவருக்கு நிறுத்த முடியவில்லை. "கண்ணாடியில பாக்குறேன், பின்னாடி ஒரு வண்டி விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்குது. எவனோ ஓவர்டேக் கேக்குறான்னு நினைச்சேன். வழி விடல. என் புத்தி! அவன் பள்ளத்து ஓரமாவே ஏறி முன்னால வந்து குறுக்க நிறுத்திட்டான். திரும்புன்னு கைய காட்டுறான். அங்க எங்க திரும்புறது? ரிவர்ஸ்லயே இறக்குனேன். அவன் எனக்கு மேல, தன் வண்டியையும் கூடவே இறக்கிக்கிட்டு, ஜன்னல்ல தலைய நீட்டிச் சரிவைப் பாத்துக்கிட்டே கையால வழி சொல்றான். வாசலைத் தாண்டிக் கீழ வந்து சேந்தப்புறம்தான் இடி மாதிரி..."

"அவரு?"

"வாசல்லயே அவன் நின்னுட்டு, எங்களை மட்டும் போங்கன்னான். லோடர் எதிர்ல வந்துச்சு, மிர்சாகுல் அண்ணன் மேல போனாரு. அதுக்கப்புறம் நான் பாக்கல தங்கச்சி."

கம்பளிக் கோட்டுப் போட்ட ஒருத்தி முன்னால் வந்தாள்.  "அவனே பச்சைன்னு சொல்லிக் கட்டையத் தூக்கினான். அவனே பின்னாடி ஓடி வர்றான். எங்க உயிரோட விளையாடுறானா? அவனைச் சும்மா விடக் கூடாது. எழுதிக் குடுப்பேன்."

"அவர் தப்பில்லக்கா," என்றாள் பெரிசாத். "அந்தப் பச்சை நான் எழுதினதுல வந்தது. எழுதிக் குடுக்கிறதா இருந்தா என் பேரைப் போடுங்க."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.  கடைக்காரி எல்லோரையும் தேநீருக்கு உள்ளே அழைத்தாள். சாலை காலியானது.

பெரிசாத் மட்டும் அங்கேயே நின்றாள். காற்று இன்னும் சூடாகவே வீசியது. சாலையோரத்துப் பனி சாம்பல் நிறமாகி உள்ளுக்குள் இடிந்துகொண்டிருந்தது.

வளைவில் லோடரின் மஞ்சள் விளக்கு தெரிந்தது. அதற்குப் பின்னால், அதன் தடத்திலேயே ஒட்டிக்கொண்டு நிவா வந்தது. லோடர் நிற்காமல் கொட்டகைக்குள் போனது. போகும்போது மிர்சாகுல் அவளைப் பார்த்து ஒரு கையை மட்டும் தூக்கி இறக்கினார். நிவா அலுவலகத்தின் முன்னால் வந்து நின்றது. எஞ்சின் அடங்கியது. கதவு திறக்கவில்லை.

ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி அவன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவளைப் பார்த்தான் என்றுதான் நினைத்தாள். அவன் முகத்தை அவள் சரியாகப் பார்ப்பதற்குள், கூரைமேல் குவிந்திருந்த ஈரப்பனி முழுசாகப் பெயர்ந்து, முன் கண்ணாடியில் சரிந்து இறங்கி, அவனை மூடியது. உள்ளேயிருந்து அவன் வைப்பரைப் போடவில்லை.

பெரிசாத் பக்கத்தில் போய், சால்வையை முழங்கைக்கு மேலே ஏற்றிக்கொண்டு, வெறும் கையால் அந்தப் பனியை வாரி வாரிக் கீழே தள்ள ஆரம்பித்தாள்.